சேஃப்டிக்கு ஒண்ணு

சினிமாக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஷாட் அற்புதமாக வந்திருக்கும். நடிகைக்குக் கிளிசரின் இல்லாமலே கண்ணீர் வந்திருக்கும். கேமராமேன் கட்டைவிரலை உயர்த்துவார், டைரக்டர் "ஓகே" என்று கத்துவார், யூனிட்டே கை தட்டும். அடுத்த நொடியே அதே டைரக்டர், "சேஃப்டிக்கு ஒண்ணு போயிடலாம்" என்பார். எதற்கு சேஃப்டி, யாரிடமிருந்து சேஃப்டி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முப்பது வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சங்கவிக்குக் காது மரத்துப் போயிருந்தது. அவர் கன்டினியூட்டி பார்ப்பவர். ஒரே காட்சியைத் துண்டு துண்டாக நாலு நாள் எடுப்பார்கள். முதல் நாள் கதாநாயகனின் டம்ளரில் எவ்வளவு காபி இருந்தது, பையை எந்தத் தோளில் மாட்டியிருந்தான், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தான் என்று எழுதி வைத்து, நாலாம் நாள் சரிபார்ப்பது அவர் வேலை. "சங்கவி மேடம் நோட்டுல இருந்தா அது நடந்தது. இல்லேன்னா நடக்கவே இல்ல" என்பார்கள். அப்படிப்பட்ட மனுஷி அன்று காலையிலிருந்து நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

தேதி 2056 பிப்ரவரி ஒன்பது. இடம் சென்னை, கிரீன்வேஸ் சாலைப் பறக்கும் ரயில் நிலையம். இரண்டாவது பிளாட்பாரத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படத்துக்கு இன்னும் தலைப்பு வைக்கவில்லை. காதல் படம்தான், மாயமும் உண்டு. 2024இல் ஒரு பையன் பறக்கும் ரயிலில் ஏறுகிறான். அடுத்த நிலையத்தில் இறங்கினால் 2056. அவனுக்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை, அவன் விட்டுவந்த பெண்ணுக்கு ஐம்பத்தாறு வயது. தொலைத்த காதலை இருவரும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது மீதிக் கதை. அந்த மீதியை டைரக்டர் ருத்ரேஷ் இன்னும் முடிவு செய்யவில்லை. முப்பத்துமூன்று வயதுப் பிள்ளை. "க்ளைமாக்ஸ் தானா வரும் மேடம்" என்று தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய தைரியத்துக்குக் காரணம், முக்காலியின் மேல் நீண்ட மூக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு பெட்டி. பழவொளிக் கேமரா. ஓர் இடத்தில் என்றோ விழுந்த வெளிச்சத்தைச் சுவரிலிருந்தும் தூணிலிருந்தும் திரும்ப உறிஞ்சி எடுத்துப் படமாக்கும். சத்தம் வராது, வெளிச்சம் மட்டும். 2024ஆம் வருஷத்து பிளாட்பாரத்துக்கு செட் போட வேண்டாம், கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வேண்டாம். 2024ஐயே எடுத்துக்கொள்ளலாம். சூரியன் அதே கோணத்தில் இருக்க வேண்டும் என்பதால் அதே தேதியில், அதே சாயங்கால வேளையில் எடுத்தாக வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

எந்தத் தேதி என்று ருத்ரேஷ் கேட்டபோது சங்கவிதான் சொன்னார். "2024 பிப்ரவரி ஒன்பது, சாயங்காலம் அஞ்சு பத்து. பதினாலாம் நம்பர் தூண். அன்னிக்கு அங்க ஒரு ஜோடி பிரிஞ்சாங்க. நான் பார்த்தேன்."

ருத்ரேஷ் துள்ளிக் குதித்தான். "நிஜ ஜோடியா! முகத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல நம்ம ஆளுங்களுதா மாத்திடலாம் மேடம். பிரிவு அப்படியே ஒரிஜினலா இருக்கட்டும்."

பார்த்தேன் என்று சங்கவி சொன்னது பொய்யில்லை. பிரிந்த ஜோடியில் பாதி அவர்தான் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அப்பா ஆஸ்பத்திரியில், நெஞ்சு ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். "அந்தப் பையன் வேணாம்மா" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் நேரே இந்த பிளாட்பாரத்துக்கு வந்து ரூபனிடம் எல்லாவற்றையும் சொல்லி, "என்னைத் தேடி வராத" என்றாள். அவன் "சரி" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். அவள் திரும்பி, படியை நோக்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ரயில் வந்தது, போனது. திரும்பிப் பார்த்தால் சத்தியம் உடைந்துவிடும் என்று அவள் திரும்பவில்லை. போனில் அவன் எண்ணை பிளாக் செய்தாள். அதற்குப் பிறகு இந்த நிலையத்தின் பக்கமே வரவில்லை. கல்யாணம், ஒரு மகள், ஆறு வருஷத்துக்கு முன் கணவரின் மரணம் என்று வாழ்க்கை நடந்து முடிந்தது. அவன் வாக்கைக் காப்பாற்றினான். தேடி வரவேயில்லை.

தன் முதுகுக்குப் பின்னால் அன்று என்ன நடந்தது? முப்பத்திரண்டு வருஷமாகச் சங்கவியை அரித்த கேள்வி அது. அவன் அழுதானா? அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றானா? இல்லை, விட்டது தொல்லை என்று ரயிலேறிப் போனானா? அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. பெரிய ஆசையெல்லாம் இல்லை.

நாலரை மணிக்கு டீ வந்தது. பழவொளிக் கேமராவை இயக்க வந்த இன்ஜினீயர் அஸ்லம், டம்ளரோடு அவர் அருகில் வந்து உட்கார்ந்தான். நாற்பது வயது, தூங்காத கண்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கவா? மானிட்டர்ல வரப்போற அந்தப் பொண்ணு நீங்கதானே?"

சங்கவியின் டீ தளும்பிப் புடவையில் கொட்டியது. "எப்படித் தெரியும்?"

"சும்மா பார்த்தவங்க தூண் நம்பரெல்லாம் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "எடுக்காதீங்க மேடம். கம்பெனி இதை வெளிய சொல்ல விடாது, நிரூபணம் இல்லைன்னு சொல்லும். அந்த வெளிச்சத்தை நாம எடுத்துட்டா, அது யார் மேல எல்லாம் விழுந்துச்சோ அவங்களுக்கு அந்த நேரம் மறந்து போகுது."

"மறந்துன்னா?"

"இல்லாமலே போயிடுது. வெளிச்சமும் ஞாபகமும் எங்கயோ ஒண்ணா கட்டியிருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியல. முதல் டெஸ்டை நான் எங்க வீட்டுலதான் எடுத்தேன். தம்பியோட பிறந்தநாள், கேக் வெட்டுறது. முதல் டேக்ல அம்மாவுக்கு அந்த ஒரு நாள் மட்டும் போச்சு. நான் கவனிக்கல. ஃபோகஸ் சரியில்லன்னு அஞ்சு டேக் எடுத்தேன்." அவன் டம்ளருக்குள் பார்த்தான். "மறுநாள் தம்பி வீட்டுக்குள்ள வந்தான். அம்மா எழுந்து நின்னு, 'யாருப்பா நீ, யாரைப் பாக்கணும்'னாங்க."

சங்கவி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு டேக்னா ஒரு நாள்தான் போகும்?"

"ஒரு நாளு, இல்லேன்னா ஒரு மணி நேரம். ரெண்டாவது எடுத்தா அதோட ஒட்டிக்கிட்டிருக்கிறதெல்லாம் சேர்ந்து வரும். நூலை இழுத்தா தையல் பிரியற மாதிரி. இன்னிக்கு மானிட்டர்ல பார்க்கிறது மட்டும் தங்கும், ஏன்னா அது இன்னிக்கு உள்ள ஞாபகம். ஆனா யாரையோ பார்த்த மாதிரிதான் இருக்கும்."

ஒரு சாயங்காலம் போனால் போகட்டும் என்று சங்கவி கணக்குப் போட்டார். தான் பார்த்த அரை மணி நேரத்தைக் கொடுத்து, பார்க்காத ஒரு நிமிஷத்தை வாங்கிக்கொள்ளலாம். ரூபன் மிச்சமிருப்பான். கடற்கரையில் அவன் சுண்டல் பொட்டலம் பிரிக்கிற அழகும், டிக்கெட் வரிசையில் அவன் பாடுகிற பாட்டும் இருக்கும். போகிற சாயங்காலத்தையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? தொழில் புத்தி அப்படித்தான் போனது. நோட்டைத் திறந்து வேகமாக எழுதினார்.

"9-2-2024, மாலை 5.10. தூண் 14. ஆண்: ரூபன், வயது 26. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கை மடிப்பு: இடது மூன்று, வலது இரண்டு (எப்போதுமே அப்படித்தான், கேட்டால் சிரிப்பான்). பெண்: பச்சை சுடிதார், வெள்ளை துப்பட்டா, வலது தோளில் பை. வசனம்: பெண் 'என்னைத் தேடி வராத.' ஆண் 'சரி.' பெண் வெளியேறுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை." கொஞ்சம் யோசித்து அடியில் எழுதினார்: "பெண்: நான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அந்தச் சமயம் பார்த்து புரொடக்‌ஷன் மேனேஜர் மணிவேல் மூச்சு வாங்க மேலே வந்தார். "மேடம், கீழ ஒரு பெரியவர் தகராறு பண்றாரு. இந்த பிளாட்பாரத்துக்கு வந்தே ஆகணுமாம். அஞ்சு நிமிஷ வேலைதானாம். என்ன வேலைன்னா சொல்ல மாட்டேங்கறாரு."

"வேடிக்கை பார்க்க வந்திருப்பாரு. டீ குடுத்து உக்கார வைங்க. முடிஞ்சதும் விட்டுக்கலாம்" என்றார் சங்கவி. நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஐந்து பத்துக்கு க்ளாப் அடித்தார்கள். சத்தமில்லாத படத்துக்குக் க்ளாப் எதற்கு என்று கேட்கக் கூடாது, அது சம்பிரதாயம். மானிட்டர் முதலில் வெளுத்தது, பிறகு மஞ்சளித்தது. தூண்கள் தெரிந்தன. எதிரே காலியாக இருந்த பிளாட்பாரத்தில், மானிட்டருக்குள் மட்டும், ஆட்கள் நடந்தார்கள். காதில் கம்மல் போல எதையோ மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற ஆட்கள். பதினாலாம் தூணருகே பச்சை சுடிதாரில் ஒரு பெண். அவள் எதிரே ரூபன்.

எவ்வளவு சின்னப் பையன்! சங்கவி மானிட்டரை நோக்கிக் குனிந்தார்.

"செம பொண்ணு. உங்க ஜாடை இருக்கு மேடம்" என்றான் மேக்கப்காரன். பெண்ணின் உதடுகள் அசைந்தன. பையனின் உதடுகள் ஒரு முறை அசைந்தன. பெண் திரும்பி நடந்தாள், ஃப்ரேமைவிட்டு வெளியேறினாள்.

"கட்! அற்புதம்!" என்று ருத்ரேஷ் கத்தினான். மானிட்டர் அணைந்தது.

யூனிட் கை தட்டியது. சங்கவி மட்டும் தட்டவில்லை. எதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாரோ, அதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் வெட்டிவிட்டான். பரவாயில்லை என்று கண்ணை மூடி அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். மானிட்டரில் பார்த்த படம்தான் வந்தது, வெளியே நின்று பார்க்கிற மாதிரி. அவன் என்ன சொன்னான்? நோட்டைப் பார்த்தார். "சரி" என்று தன் கையெழுத்தில் இருந்தது. அந்த வார்த்தையின் குரல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கொடுத்ததும் போய், வாங்க வந்ததும் கிடைக்காமல் நின்றார்.

"சங்கவி மேடம், ஓகேவா?" என்றான் ருத்ரேஷ். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் கேட்கிற கேள்வி. அடுத்த ஷாட் படிக்கட்டில் என்று காகிதத்தில் தெளிவாக இருந்தது. எல்லாம் பொருந்தியிருந்தது. ஓகே என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்ல சார். அடுத்த ஷாட் காலித் தண்டவாளத்துல ஆரம்பிக்குது. பொண்ணு போனதும் ரயில் வந்து, போற வரைக்கும் ஓடணும். இல்லேன்னா ஒட்டாது."

முப்பது வருஷத் தொழிலில் சங்கவி சொன்ன முதல் பொய் அது. ருத்ரேஷ் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சங்கவி மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "ஒன் மோர்! இந்தத் தடவை நான் சொல்ற வரைக்கும் கட் கிடையாது!"

அஸ்லம் ஓடி வந்தான். "என்ன மேடம் பண்றீங்க? ரெண்டாவதுல உங்க ஞாபகத்துலேருந்து அந்த ஆளே போயிடுவாரு. மொத்தமா போயிடுவாரு."

"அது என் கவலை அஸ்லம்."

"உங்க கவலை மட்டும் இல்ல. வெளிச்சம் அவர் மேலயும்தானே விழுந்துச்சு? அவர் எங்கயாவது உயிரோட இருந்தா அவருக்கும்தான் போகும்."

சங்கவி ஒரு கணம் நின்றார். நின்றார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அவரைத் திட்டத் தோன்றும். பிறகு சொன்னார்: "அவன் என்னை எப்பவோ மறந்திருப்பான்."

மறுபடி க்ளாப். மறுபடி மஞ்சள் வெளிச்சம். பச்சை சுடிதார் வெளியேறியது. ருத்ரேஷ் கட் சொல்லவில்லை.

பையன் நின்றான். ரயில் வந்து அவனுக்குப் பின்னால் நின்றது. கதவருகே ஆட்கள் முண்டினார்கள். ஏறிவிடுவான் என்று சங்கவி முந்தானையை முறுக்கிப் பிடித்தார். ஏறாதே ரூபன். அவன் ஏறவில்லை. ரயில் போயிற்று. பிளாட்பாரம் காலியானது. படிக்கட்டையே பார்த்துக்கொண்டு அவன் நின்றான். அழுகிறானா? முகத்தை முழங்கையில் துடைத்தான். சங்கவியின் கண்ணிலும் நீர் வந்தது. அந்த... அந்தப் பையன் பெயர் என்ன? நாக்கு நுனியில் இருந்தது. கடற்கரையில் யாரோ எதையோ பிரித்துக் கொடுப்பார்களே, யார் அது?

பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். தூணின் பின்பக்கமாகப் போய் மண்டியிட்டு, கான்க்ரீட்டில் எதையோ கீறத் தொடங்கினான். நிதானமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு கீறினான். சங்கவி முந்தானையை விட்டார். பென்சிலை எடுத்தார். யாரோ தெரியவில்லை, நல்ல முகம், நடிக்கிற மாதிரியே இல்லை என்று நினைத்துக்கொண்டே நோட்டில் எழுதினார்: "தூண் 14, பின்பக்கம், தரையிலிருந்து இரண்டடி. சாவியால் கீறல்." கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று புரியாமல் துடைத்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷம் பார்க்க ஏங்கியதை அவர் பார்த்து முடித்தார். ஏங்கியவள்தான் அப்போது அங்கே இல்லை.

"கட்!"

டைரக்டர் கேமராமேனைக் கட்டிக்கொண்டான். சங்கவி எழுந்து, எதிரே இருந்த பதினாலாம் தூணுக்குப் போனார். கதையில் வயதான கதாநாயகி இதே தூணருகே வந்து நிற்க வேண்டும். பழைய படத்தில் கீறல் இருந்தால் இன்றைய தூணிலும் கீறல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்ட் டிபார்ட்மென்டிடம் சொல்லிப் போடச் சொல்ல வேண்டும். முழங்கால் வலியோடு குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

கீறல் இருந்தது. "சங்கவி. தேட மாட்டேன். வருவேன். 9/2."

தன் பெயரை அங்கே பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. யாரோ இன்னொரு சங்கவி போலிருக்கிறது. அதன் கீழே சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகள், வரிசையாக. முதல் கோடுகளில் அழுக்கும் பாசியும் ஏறியிருந்தன. போகப் போக வெளுத்தன. கடைசிக் கோடு ஏறக்குறையப் புதிது. வழக்கம் விடாமல் எண்ணினார். முப்பத்தொன்று.

2025 முதல் 2055 வரை முப்பத்தொன்று. இன்று ஒன்பதாம் தேதி, பிப்ரவரி. இன்றைய கோட்டைக் காணோம்.

அவருக்குக் காரணமில்லாமல் பயம் வந்தது. நோட்டின் முந்தின பக்கத்தைத் திருப்பினார். அவர் கையெழுத்து. நீலக் கட்டம், பச்சை சுடிதார், இடது மூன்று, வலது இரண்டு. "பெண்: நான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்." இரண்டு முறை படித்தார். எழுதியது நினைவிருந்தது. யாரைப் பற்றி எழுதினார் என்பது இல்லை. நோட்டில் இருந்தால் நடந்தது. அப்படியென்றால் நடந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஒரு மனுஷன் இங்கே வந்து போயிருக்கிறான். இன்றும் வந்திருப்பான். அஞ்சு நிமிஷ வேலை என்று யாரோ சொன்னார்களே...

"சூப்பர் எல்லாரும்! பொசிஷன்லயே இருங்க, சேஃப்டிக்கு ஒண்ணு!" என்றான் ருத்ரேஷ்.

க்ளாப் அடிக்கிறவன் பலகையைத் தூக்கினான். அஸ்லம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சங்கவியைப் பார்த்தான்.

"கட்!"

பிளாட்பாரமே திரும்பியது. செட்டில் அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். கேமராவில் தீப்பிடித்தாலும் டைரக்டரைக் கூப்பிடுவார்களே தவிர, வேறு யாரும் கட் சொல்ல மாட்டார்கள். சொன்னவர் சங்கவி மேடம் என்பதை ருத்ரேஷால் நம்ப முடியவில்லை.

"மேடம்?"

"வேண்டாம் சார். நான் பொய் சொல்லிட்டேன். முதல் டேக்கே ஓகேதான். அடுத்த ஷாட் படிக்கட்டு. இன்னொண்ணு எடுத்தா யாருக்கு என்ன போகும்னு அஸ்லத்தைக் கேளுங்க. எடுக்காதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினார். அந்த நிலையத்தின் படிகள் முடிவதேயில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பெரிய பெரிய காலிக் கூடங்கள். கீழே போனால் அந்தப் பெரியவர் போயிருப்பாரோ என்று ஒரு பயம். போகாமல் இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

அவர் போகவில்லை. டிக்கெட் கவுன்டருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. சங்கவியின் கண் முகத்துக்குப் போகவில்லை. பழக்கதோஷத்தில் சட்டைக் கைக்குத்தான் போனது. இடது மூன்று மடிப்பு. வலது இரண்டு.

சங்கவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது நெஞ்சு துள்ள வேண்டும். அழுகையாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. முன்பின் தெரியாத, களைத்துப்போன ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதுதான் அவரை நடுங்க வைத்தது.

"உங்களை மேல விடச் சொன்னாங்க" என்றார்.

"மேலயா?" அவர் எழுந்தார். "இல்லம்மா, நானே யோசிச்சுட்டு இருக்கேன். தாம்பரத்துலேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கேன். அந்தத் தம்பிகிட்ட சண்டையெல்லாம் போட்டேன். இப்ப எதுக்கு வந்தேன்னு தெரியல. வயசாகுது போல." கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுச் சாவிய வேற ஏன் கையில எடுத்து வெச்சிருக்கேன்னு புரியல."

"உங்க பேரு ரூபனா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..." முகத்தில் பயம் தெரிந்தது. "நமக்குள்ள பழக்கம் உண்டாம்மா? தப்பா நினைக்காதீங்க, எனக்கு ஞாபகம் வரல."

"எனக்கும் வரல" என்றார் சங்கவி. "வாங்க, ஒண்ணு காட்டறேன்."

மேலே யூனிட் சத்தமில்லாமல் விலகி வழிவிட்டது. பெட்டியின் மூக்கை அஸ்லம் உறை போட்டு மூடியிருந்தான். ருத்ரேஷ் தன் நாற்காலியை இழுத்து ஒதுக்கினான். பதினாலாம் தூணின் பின்னால் ரூபன் சிரமப்பட்டு மண்டியிட்டு, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். கோடுகளை விரலால் தடவினார். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை விரல் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது.

"யாரோ பாவம்" என்றார். "எத்தனை வருஷம் வந்திருக்கான் பாருங்க. பைத்தியக்காரன்." அவர் குரல் கம்மியிருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. "அந்தப் பொண்ணு வரவேயில்லையா?"

சங்கவி கையை நீட்டினார். அவர் புரியாமல் பார்த்தார், பிறகு சாவியைக் கொடுத்தார். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் சங்கவி முப்பத்திரண்டாவது கோட்டைக் கீறினார். கான்க்ரீட் கெட்டியாக இருந்தது, இரண்டு மூன்று முறை அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது.

"வந்துட்டா" என்றார். "ஆனா வர்ற வழியில உங்களுது ஒண்ணைத் தொலைச்சுட்டா. அவ தப்புதான். என்ன தொலைச்சான்னு இதுல எழுதியிருக்கு, ஒரு பக்கம்தான் இருக்கு."

நோட்டை விரித்து அவர் கையில் கொடுத்தார். ரூபன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, எழுத்துக்கூட்டுகிறவரைப் போல மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, தன் இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையைப் பார்த்தார். பிறகு சங்கவியைப் பார்த்தார்.